தினமும் திறக்க ஒரு ஸ்டடி பைபிள்: தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்டடி பைபிள் வாங்குகிறவர் ஒரே அட்டைக்குள் இரண்டு நூல்களை வாங்குகிறார். மேலே வேதவசனம், கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில், அதற்கு மனிதர் எழுதிய விளக்கம். வசனம் திருச்சபை முழுவதற்கும் பொது. விளக்கத்துக்கோ ஓர் ஆசிரியர் உண்டு, ஒரு சபை மரபு உண்டு, ஒரு நாடும் காலமும் உண்டு. தமிழில் கிடைக்கும் விளக்கங்களில் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இங்கே வந்தவை. விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்தில் விடியற்காலையில் வேதத்தைத் திறக்கும் ஒருவரை மனத்தில் வைத்து அவை எழுதப்படவில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

இந்தப் பொடி எழுத்து பெரிய சர்ச்சைகளைக் கிளப்பியிருக்கிறது. 1560இல் வந்த ஜெனீவா பைபிளின் ஓரக்குறிப்புகள் அரசர்களை விமர்சித்ததால் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அது பிடிக்கவில்லை. 1611இல் அவர் பெயரால் வந்த மொழிபெயர்ப்பில் மூலச் சொற்களை விளக்கும் குறிப்புகளும் துணை வசனங்களும் மட்டும் இடம்பெற்றன. 1804இல் தொடங்கிய பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம், எல்லாச் சபையாரும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதற்காக, விளக்கம் இல்லாமல் வசனத்தை மட்டும் அச்சிடுவதை விதியாக வைத்தது. நம் வீடுகளில் உள்ள கறுப்பு அட்டை வேதாகமம் அந்த வழியில் வந்தது. அதை மாற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் வைக்க ஒன்றைத் தேடுகிறோம். தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எங்கே நின்றுபோகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் வழக்கம்போல வாசியுங்கள். வாசிப்பு தடைப்படும் இடத்தையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். "இந்த ராஜா யார்?", "இந்த ஊர் எங்கே இருக்கிறது?", "இந்தச் சட்டம் எதற்கு?" என்ற கேள்விகள் நிறைந்திருந்தால் உங்களுக்கு ஸ்டடி பைபிள் உதவும். ஒரு வசனத்தோடு தொடர்புடைய மற்ற வசனங்களைத் தேடுவதே உங்கள் பழக்கம் என்றால் துணைவசன வேதாகமம் போதும். நேரம் கிடைக்காததே தடை என்றால் புதிய புத்தகம் எதுவும் அதைத் தீர்க்காது. நாளில் ஒரு வேளையைக் குறித்து ஒதுக்குவதுதான் வழி.

2. 66 நூல்களா, 73 நூல்களா?

விழுப்புரம் மாவட்டத்தில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், ஆற்காடு லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எனப் பல மரபினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு நூல்கள், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு ஆகிய ஏழும்தான் வேறுபாடு. எஸ்தரிலும் தானியேலிலும் சில கூடுதல் பகுதிகளும் உண்டு. திருப்பலி வாசகங்களைத் தினமும் பின்பற்றுகிறவர் 66 நூல் பதிப்பை வாங்கினால் சில நாட்களின் வாசகம் அதில் இருக்காது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1983, எண் 825) மொழிபெயர்ப்புக்கு ஆயர்களின் ஒப்புதலும் தேவையான விளக்கக் குறிப்புகளும் வேண்டும் என்கிறது. எனவே முதல் பக்கங்களில் அந்த ஒப்புதல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கத்தோலிக்க வாசகர் பார்க்க வேண்டும். மற்றவர்கள் குறிப்புகளை எழுதியவர்கள் யார், எந்த ஆண்டு, எந்தச் சபை மரபு என்பதைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லாத நூலை வாங்க அவசரப்படாதீர்கள்.

3. காதுக்குப் பழகிய மொழிபெயர்ப்பு

தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் நிறைவடைந்தது. பெப்ரிசியுஸ், இரேனியுஸ் போன்றோரின் உழைப்பைத் தொடர்ந்து, ஹென்றி பவர் தலைமையில் உருவான திருப்புதல் 1871இல் வெளிவந்தது. பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவது இதுதான். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் கூட்டாக உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் நாம் கேட்கும் திருவிவிலியம் அதுவே.

தினசரி தியானத்துக்கு, உங்கள் ஆலயத்தில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமான வசனங்கள் அந்த வடிவில்தான் நாவில் வரும். துன்ப நேரத்தில் துணை நிற்பதும் அந்த வடிவம்தான். ரோமர் நிருபம் போன்ற இறுக்கமான பகுதிகளில் மற்ற மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாங்கும் பதிப்பின் சுருக்கக் குறியீடுகளும் உங்களுக்குப் பழகியவையாக இருக்கட்டும். ஒன்றில் 'சங்' என்றும் மற்றதில் 'திபா' என்றும் வருவது ஒரே நூல்தான் என்றாலும், ஒவ்வொரு முறையும் தயங்கி நின்றால் துணை வசனம் தேடும் ஆர்வம் குறைந்துவிடும்.

4. ஐந்து பகுதிகளை வைத்துச் சோதியுங்கள்

இதுவே முக்கியமான படி. எந்த ஸ்டடி பைபிளைக் கையில் எடுத்தாலும் இந்த ஐந்து இடங்களின் குறிப்புகளையும் முழுமையாக வாசியுங்கள்.

சங்கீதம் 18. கர்த்தரைக் கன்மலை, கோட்டை என்று தாவீது பாடுகிறார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்த்தபடி வளர்ந்தவருக்குக் கோட்டை என்றால் பாதுகாப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சவுலுக்குத் தப்பி எங்கேதி மலைகளின் அரண்களில் தாவீது பதுங்கியதை (1 சாமுவேல் 23:29) அந்தக் குறிப்பு நினைவூட்டுகிறதா? தெரிந்ததைத் திரும்பச் சொல்லும் குறிப்பால் பயனில்லை. பாட்டுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைக் காட்டும் குறிப்பு ஜெபத்துக்கு உதவும்.

உபாகமம் 11:14. முன்மாரி, பின்மாரி பற்றிய வாக்குறுதி. செஞ்சிப் பக்கத்து விவசாயி இதை ஐப்பசி, கார்த்திகை அடைமழையை வைத்துத்தான் புரிந்துகொள்வார். இஸ்ரவேல் நாட்டிலோ முன்மாரி அக்டோபர், நவம்பரில் இறங்கி, காய்ந்த நிலத்தை உழவுக்கு இளக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில் பெய்து வாற்கோதுமையும் கோதுமையும் மணி பிடிக்க உதவும். மே முதல் செப்டம்பர் வரை மழையே அரிது. நமக்கு வெயில் ஏறும் பங்குனியில் அவர்கள் கடைசி மழைக்காக வானத்தைப் பார்த்திருந்தார்கள். இதை இரண்டு வரியில் சொல்லும் குறிப்பு, யாக்கோபு 5:7இல் வரும் பயிரிடுகிறவனின் பொறுமையையும் சேர்த்துத் திறந்துவிடும்.

மாற்கு 16:9. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் இல்லை. நல்ல குறிப்பு இதை நேர்மையாகவும் அமைதியாகவும் சொல்லும். மறைக்கவும் மறைக்காது, வாசகரைப் பதறவும் வைக்காது. இங்கே நேர்மையாக இருக்கும் ஆசிரியர்களை மற்ற கடினமான இடங்களிலும் நம்பலாம்.

வெளிப்படுத்தின விசேஷம் 20. ஆயிரம் வருட அரசாட்சியைப் பற்றித் திருச்சபையில் தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே பல கருத்துகள் உண்டு. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு பைபிள் ஒரு குறிப்பிட்ட கருத்தைப் பக்கத்துக்குப் பக்கம் பரப்பியது. குறிப்பு வசனத்தோடு ஒரே பக்கத்தில் இருந்ததால், அதையும் வேதம் சொல்வதாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். "இப்படியும் விளங்கிக்கொள்கிறார்கள்" என்று மற்ற கருத்துகளுக்கும் இடம் தரும் பதிப்பே தனியாக வாசிப்பவருக்குப் பாதுகாப்பானது.

யோவான் 9:1–3. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு அந்தக் கேள்வியையே மறுக்கிறார். குறிப்பும் அந்த மறுப்போடு நிற்கிறதா, அல்லது நோய்க்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று வேறு வாசல் வழியாகப் பழி சுமத்துகிறதா என்று பாருங்கள். படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டில் அப்படிப்பட்ட வரி ஒன்று போதும், ஆண்டுக்கணக்கில் வலிக்கும். அப்படி எழுதியிருந்தால் அந்தப் பதிப்பை வாங்காதீர்கள்.

5. உதவிக் கருவிகளைச் சரிபாருங்கள்

துணை வசனங்களைச் சோதிக்க மாற்கு 1:2–3 போதும். அங்கிருந்து மல்கியா 3:1, ஏசாயா 40:3 ஆகிய இரண்டு இடங்களுக்கும் வழி காட்டியிருக்க வேண்டும்.

வரைபடத்தில் எருசலேமையும் எரிகோவையும் தேடுங்கள். இரண்டுக்கும் இடையில் 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற தூரம். அதற்குள் பாதை ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது. நல்ல சமாரியன் உவமையில் அந்த மனிதன் போன வழி எவ்வளவு ஆபத்தானது என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும். உயர வேறுபாட்டைக் காட்டும் வரைபடமே பயன் தரும்.

பண அளவுகளை ரூபாயில் சொல்லும் அட்டவணை சில ஆண்டுகளில் பழசாகிவிடும். கூலி நாளில் சொன்னால் என்றும் பொருந்தும். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். மத்தேயு 18இல் ஒருவனுக்குத் தள்ளுபடியானது 10,000 தாலந்து, அவன் விட்டுக்கொடுக்க மறுத்தது 100 நாள் கூலி. கூலி வேலைக்குப் போகிறவர் இந்தக் கணக்கைக் கேட்ட உடனே மன்னிப்பின் அளவை உணர்ந்துவிடுவார்.

6. அச்சும் கட்டும்

நீங்கள் வாசிக்கும் வெளிச்சத்தை நினைத்துக்கொண்டு எழுத்தைப் பாருங்கள். வசனத்தின் எழுத்தைவிடக் குறிப்பின் எழுத்து இன்னும் சிறியதாக இருக்கும். சோதிக்க வேண்டியது அதைத்தான். புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றனவா? ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரிந்து தெரிகின்றனவா? மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் வயதானவர்களால் அரைமணி நேரம்கூட வாசிக்க முடியாது.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தையும் திறந்து மேசையில் வையுங்கள். கை எடுத்த பிறகும் புத்தகம் திறந்தபடி கிடந்தால் கட்டு நன்றாக இருக்கிறது. நூலால் தைத்த கட்டு, பசையால் மட்டும் ஒட்டியதைவிட நெடுநாள் உழைக்கும். ஆலயத்துக்குத் தூக்கிப்போக இது கனமாகத்தான் இருக்கும். அதற்கு உங்கள் பழைய வேதாகமம் இருக்கிறது.

7. பார்த்து வாங்குங்கள்

முதலில் உங்கள் போதகர், பங்குத்தந்தை, உபதேசியார் யாரிடமாவது ஒன்றை இரவல் வாங்கி, மேலே சொன்ன ஐந்து பகுதிகளையும் வீட்டில் வாசித்துப் பாருங்கள். கத்தோலிக்க நூல்களுக்கு நம் பக்கத்திலேயே திண்டிவனத்தில் தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. மற்ற பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையில் வேப்பேரி, பூங்கா நகர் பகுதிகளின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் ஏற்றவை. அட்டைப் படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்க வேண்டாம்.

8. வாசிக்கும் ஒழுங்கு

மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. பகுதியை முதலில் வாய்விட்டு இருமுறை வாசியுங்கள். அப்போது கீழேயுள்ள குறிப்பை ஒரு தாளால் மூடி வையுங்கள். மனத்தில் எழும் கேள்வியை நோட்டில் எழுதி, அமைதியாக இருந்து ஜெபியுங்கள். அதன் பிறகே குறிப்புக்குப் போங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் தேடுங்கள். கடைசியில் வசனத்துக்குத் திரும்பி இன்னொரு முறை வாசியுங்கள். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல் என்று 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி வகுத்த நான்கு படிகளோடு இந்த ஒழுங்கு இசைந்து போகும்.

மாற்கு முடிந்ததும் புதிய ஏற்பாடு முழுவதற்கும் திட்டமிடலாம். அதில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் சரியாக ஓராண்டு. மீதி இரண்டு நாட்களில் விட்டதைப் பிடிக்கலாம், சங்கீதங்களை வாசிக்கலாம். மாலைக் குடும்ப ஜெபத்தில் மட்டும் குறிப்புகளை வாசிக்க வேண்டாம். பிள்ளைகள் வசனத்தைக் கேட்கட்டும். அவர்கள் கேள்வி கேட்டால் காலையில் கற்றதை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.

வாங்கியது சரியான பதிப்பா என்பதை அந்தப் பேச்சே காட்டிவிடும். புத்தகத்தை மூடிய பிறகும் அந்தப் பகுதியைத் தெளிவாகச் சொல்ல முடிந்தால், குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. வசனம் மறந்து குறிப்பின் வாக்கியம் மட்டும் நாவில் வந்தால், ஒரு மாதம் பழைய வேதாகமத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திரும்புங்கள். விளக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் இடம் வசனத்துக்குக் கீழேதான்.