பிரகடனம் 1081

பிரகடனம் 1081 என்பது பிலிப்பீன்சு நாட்டை இராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த ஆணையாகும். குடியரசுத் தலைவர் பெர்டினாண்டு மார்க்கோசு இதனைப் பிறப்பித்தார். 1972 செப்டம்பர் 21 ஆம் நாளிட்ட இவ்வாணை, செப்டம்பர் 23 மாலையில் தொலைக்காட்சி வழியாக மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

பின்னணி

ஒசே மரியா சிசோன் தலைமையில் 1968 இல் பிலிப்பீன்சு பொதுவுடைமைக் கட்சி புதிதாக அமைக்கப்பட்டது. அதன் ஆயுதப் பிரிவான புதிய மக்கள் படை 1969 இல் உருவானது. இவற்றின் கிளர்ச்சியையே ஆணை முதன்மைக் காரணமாகக் காட்டியது. கிளர்ச்சிக் காலத்தில் இராணுவச் சட்டத்தை அறிவிக்க 1935 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இடமளித்தது. அதே அரசியலமைப்பு, ஒருவர் தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் குடியரசுத் தலைவராக இருப்பதைத் தடுத்தது. மார்க்கோசின் பதவிக்காலம் 1973 திசம்பரில் முடிவடைய இருந்தது.

நடைமுறை

நாளிதழ்களும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களும் மூடப்பட்டன, ஊரடங்கு விதிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். இக்காலத்தில் ஏறத்தாழ 70,000 பேர் சிறை வைக்கப்பட்டதாகவும் 34,000 பேர் சித்திரவதைக்கு உள்ளானதாகவும் பன்னாட்டு மன்னிப்பு அவை மதிப்பிட்டுள்ளது.

விளைவுகள்

இராணுவச் சட்டம் 1981 சனவரி 17 இல் விலக்கப்பட்டது. எனினும் கிளர்ச்சி அடங்கவில்லை. 1972 இல் சிறு படையாக இருந்த புதிய மக்கள் படை, 1980களின் நடுப்பகுதியில் நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் பரவியிருந்தது. 1986 மக்கள் எழுச்சியில் மார்க்கோசு பதவி இழந்தார். அடுத்த ஆண்டு வந்த புதிய அரசியலமைப்பு, இராணுவச் சட்ட அறிவிப்பை 60 நாட்களுக்குள் வரையறுத்தது. அதனை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும், அறிவித்ததற்கான அடிப்படையை ஆராயும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் வழங்கப்பட்டது.