பாங்கொக் நகரில் ஒரு காலைநடை

ஒரு நகரை உள்ளவாறு அறிய விரும்புவோர் ஊர்தியை விட்டிறங்கி நடத்தல் வேண்டும். தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கில் யாம் இதனை உணர்ந்தோம்.

1782ஆம் ஆண்டில் முதலாம் இராமா மன்னர் அமைத்த பழைய நகர்ப்பகுதி நடந்து காணத்தக்கது. வெயில் ஏறுமுன் அரண்மனை மதிலருகே புறப்பட்டு, பழைய அகழியைக் கடந்து கிழக்கே சென்றோம். அங்கே, வாட் சுதாத் என்னும் விகாரையின் எதிரே, செந்நிறம் பூசிய நெடிய தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அதுவே பேரூஞ்சல். 1784இல் முதன்முதல் நாட்டப்பெற்றது. இன்றுள்ள தூண்கள் 2007இல் புதுப்பிக்கப்பட்டவை. சிவபெருமானுக்குரிய விழாவில் இளைஞர் இதில் உயர ஆடி, காசுப்பையைப் பல்லாற் கவ்வுவராம். அவ்வாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது.

எனினும், அண்மையிலுள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர் விழாச் சடங்குகளை இன்றும் நிகழ்த்துகின்றனர். விழாவின் பெயர் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’. திருவெம்பாவை, திருப்பாவை என்பனவற்றின் திரிபே இஃதென அறிஞர் கூறுவர். மணிவாசகர் வாக்கு, ஒலி சிதைந்து, பொருள் மறைந்து, அங்கே வழிவழியாக ஓதப்பட்டு வந்துள்ளது.

பொருளறியாமலும் மரபைக் காத்தனரே என வியந்த யாம், எமது வகுப்பறையை நினைந்து நாணினோம். மார்கழியில் திருவெம்பாவையைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரிடம் அதன் பொருளை எத்தனை முறை வினவினோம்? தமிழறியாதார் பொருளை இழந்தது வியப்பன்று. தமிழறிந்த நாமும் இழத்தல் தகுமோ?