பானெட்டுக்கு அடியில் நான்கு விரற்கடை

புதுக் கார்களின் பானெட் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்குகிறது, பழைய அம்பாசடர் தகரம் போல வருமா என்று குறைப்படுகிறவர்கள் நிறைய. அந்த நெளிவு நடந்து போகிறவரைக் காக்கவும் உதவுகிறது. கார் இடித்தால் ஆள் சக்கரத்தடியில் போய்விடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தாழ்ந்த முகப்புள்ள கார் பெரியவர் ஒருவரை இடிக்கும்போது பெரும்பாலும் நடப்பது வேறு. பம்பர் காலை வாரிவிடுகிறது, உடல் பானெட்டின் மேல் சாய்கிறது, கடைசியில் தலை தகரத்திலோ முன்கண்ணாடியிலோ அடிக்கிறது. மண்டையை உடைப்பது மெல்லிய தகரமல்ல, அதற்கு நேர் கீழே இருக்கும் எஞ்சின். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் வரும் தலை ஒரே சென்டிமீட்டரில் நின்றுவிட்டால், அதன் எடையைப் போல் சராசரியாக 480 மடங்கு விசை அதைத் தாக்கும். நான்கு விரற்கடை, அதாவது 7 செ.மீ., நெளிந்து நின்றால் 70 மடங்குக்குள் அடங்கிவிடும். ஐ.நா.வின் 127-ஆம் விதி சோதிப்பது இதைத்தான். மூன்றரைக் கிலோ குழந்தைத் தலையையும் நாலரைக் கிலோ பெரியவர் தலையையும் செய்து, அதே 35 கி.மீ. வேகத்தில் பானெட்டின் மேல் எறிந்து பார்க்கிறார்கள். எஞ்சினுக்கு மேல் இடமில்லாத கார்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2005-இல் வந்த சிட்ரோயன் சி6-இல், ஆள் மோதியதை பம்பர் உணர்ந்ததும், தலை வந்து விழுவதற்குள் பானெட்டின் பின்பக்கம் மேலே எழும்பி அந்த இடைவெளியை உண்டாக்கிவிடும். இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

ஓட்டுகிறவர் நிதானமாகப் போனால், நடைபாதை ஒழுங்காக இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் கட்டாயம் வேண்டும். வேகம் கூடினால் நான்கு விரற்கடை காப்பாற்றாது. ஆனால் 60-இல் வந்தவர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதித்தபின் இடிக்கும் வேகம் பல நேரம் 30, 40 தான். உயிர் தங்குமா என்பதை அங்கே வண்டியின் முகப்பு தீர்மானிக்கிறது. அந்த முகப்பு இப்போது உயர்ந்துகொண்டே போகிறது. பானெட் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த முகப்புள்ளவற்றைவிட, இடிபட்டவரைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. இவ்வளவு யோசித்துச் செய்த முகப்பின் முன்னால் இரும்புக் குழாயை வளைத்து மாட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மாடு குறுக்கே வந்தால் வண்டி தப்பும் என்கிறார்கள். ரேடியேட்டர் தப்பலாம். ஆனால் சேசிஸோடு போல்ட் போட்டு முறுக்கிய குழாய் நெளியாது; காருக்குள் இருப்பவரின் ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கக்கூடும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதைக் கூடாது என்றது. இன்னும் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பெரிய வண்டிகளில் அந்தக் குழாயின் மேல் வளைவு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கிறது.