பணிவிடை என்னும் தொழில்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில் துவரங்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்திருப்பது மருங்காபுரி. வானம் பார்த்த நிலங்கள் மிகுந்த வட்டாரம் அது. இத்தகைய வட்டாரங்களில் மழை பொய்த்துவிட்டால் இளைஞர் பிழைப்பு நாடி வெளியூர் செல்வது இயல்பு. வீட்டில் எஞ்சுவோர் முதியோரே. அங்குள்ள சிற்றூர் ஒன்றில், பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயல் குன்றிய மூதாட்டி ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மகன் திருப்பூரில் வேலை செய்கிறான். மருமகள் நாள்தோறும் கூலி வேலைக்குப் போகிறாள். காலை முதல் மாலை வரை அம்மூதாட்டிக்குத் துணை யார்?

இஃது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். அக்கணக்கின்படி தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்களாக இருந்தனர். கூட்டுக் குடும்பம் குறுகிவரும் இக்காலத்தில், இல்லத்திற்கே வந்து இவர்களுக்குத் துணைபுரியும் பணியாளரின் தேவை பெருகி வருகிறது. இப்பணி யாது? இதற்கு என்ன அறிவு வேண்டும்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

‘உடம்பு துடைப்பதும் உணவு ஊட்டுவதும் யாருக்குத்தான் தெரியாது?’ என்று பலர் எண்ணுகின்றனர். மேற்சொன்ன மூதாட்டியின் ஒரு நாளைப் பின்தொடர்ந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவேண்டும். பழகாதவர் அவருடைய கையைப் பற்றி இழுப்பார். தளர்ந்த கையை அவ்வாறு இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடக்கூடும். பழகியவர் என்ன செய்வார்? நாற்காலியை அவருடைய வலுவுள்ள இடப்பக்கத்தில் வைப்பார். சற்று நேரம் கட்டில் விளிம்பில் அமரச் செய்வார். படுத்தவர் திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றல் உண்டாகுமல்லவா? பின்னர், தம் முழங்கால்களை மடித்து நின்று, இடுப்பை அணைத்துப் பிடித்து எழுப்புவார். முழங்காலை மடிக்காமல் முதுகை வளைத்துத் தூக்கினால், நாளடைவில் பணியாளரின் முதுகே நோயுறும்.

ரவிக்கை அணிவிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தளர்ந்த கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அக்கையைக் கடைசியில் எடுக்கவேண்டும். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, ஒவ்வொரு வாயும் விழுங்கிய பின்னரே அடுத்ததைத் தரவேண்டும். உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவைத்தல் கூடாது. விழுங்கும்போது அடிக்கடி இருமல் வந்தால் உணவு மூச்சுக்குழலுள் செல்கிறது என்று ஐயுற்று மருத்துவருக்கு அறிவிக்கவேண்டும்.

படுக்கையிலேயே கிடப்போருக்குப் பெரும்பகை படுக்கைப் புண். உடலின் பாரம் ஓரிடத்திலேயே அழுந்தினால் அங்கு இரத்த ஓட்டம் தடைப்படும், தோல் சிவக்கும், பிறகு வெடித்துப் புண்ணாகும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றை நாள்தோறும் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தினால் நிறம் வெளுக்கவேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் முன்னறிவிப்பு. ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் இதற்குரிய சிறந்த காப்பு. மருந்துக்கடையில் வாங்கக்கூடிய பொருளன்று இது. விழிப்புள்ள ஒருவருடைய கைகளிலேயே உள்ளது.

இவ்வளவும் கற்றபின்னரும், இப்பணியின் உயிர்நாடியான பாடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அன்பு மிகுந்த பணியாளர் செய்யும் பெருந்தவறு எது தெரியுமா? எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவதுதான். மூதாட்டியின் இடக்கை நன்றாக இருக்கிறது; அக்கையால் அவர் தலைவாரிக்கொள்ளலாம், கரண்டி பிடித்து உண்ணலாம். கால்மணி நேரம் ஆகும் என்பது மெய்யே. ஆனால் அவசரப்பட்டு ஊட்டிவிட்டால் இருக்கும் ஆற்றலும் பழக்கமின்றித் தேயும். அதனினும் பெரிய இழப்பு, ‘நான் பிறருக்குச் சுமை’ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றுவது. அவரால் இயலாததைச் செய்து கொடுத்து, இயன்றதை அவரே செய்யும்வரை பொறுத்து உடனிருப்பதே உண்மையான துணை. எந்தச் சேலை உடுத்துவது, எப்போது குளிப்பது என்று அவரைக் கேட்டறிவதும் அப்பணியின் பகுதியே. கண்பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல், அவர் பற்றிக்கொள்ளத் தம் முழங்கையை நீட்டுவதும் இதே நெறியைச் சார்ந்தது.

நோயாளியைக் காத்தல் கற்றுத்தேற வேண்டிய துறை என்பதைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். அந்நூல் மருத்துவமனைச் செவிலியர்க்கென்றே எழுதப்பட்டதன்று. இல்லங்களில் நோயாளியைப் பேணும் பெண்களுக்காக எழுதப்பட்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், 1993 ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் நோய்த்தணிப்புச் சேவைச் சங்கம் ஒன்று தோன்றியது. நாளடைவில் அங்குச் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, தம் அக்கம்பக்கத்து நோயாளிகளைக் காணச் சென்றனர். 2008 இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்த்தல், இயன்முறை மருத்துவம், நோய்த்தணிப்புச் சேவை ஆகியவை அதில் அடங்கின. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் அதில் தன்னார்வலர்களாகப் பணியேற்றனர். இது பெரும்பேறே. எனினும், செவிலியர் வந்து போன பிறகு எஞ்சும் நீண்ட பகற்பொழுதிற்கு ஒருவர் உடனிருக்க வேண்டுமே! அவ்விடத்தை நிரப்புபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அல்லது கூலி பெற்று வரும் பெண்.

அப்பெண்ணின் நிலையையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டாவா? 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ துணைபுரிபவர் யாவரையும் பராமரிப்பாளர் என்றே குறிக்கிறது. மிகுதியான துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கும் திட்டத்திற்கும் அது இடமளிக்கிறது. சட்டம் வழங்கிய அப்பெயருக்குரிய மதிப்பைச் சமுதாயமும் வழங்கவேண்டும். வரையறுத்த வேலை நேரம், தக்க ஊதியம், வார ஓய்வு, முறையான பயிற்சி ஆகிய நான்கும் இல்லாதவிடத்துச் சோர்வு மிகும். சோர்ந்த கை நழுவும். நழுவினால் விழுபவர் அம்மூதாட்டியே. ஆகவே பணியாளரின் நலமும் பேணப்படுவோரின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ அடுத்த வீட்டிலோ இத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று மாலை அவர் அருகே சென்று அமருங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஈரமோ சுருண்ட பாயோ இருந்தால் அகற்றுங்கள். அங்கு இருள் இருந்தால் ஒரு விளக்குக்கு வழிசெய்யுங்கள். பின்னர், ‘பாட்டி, உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டு, அவர் விடைசொல்லும்வரை காத்திருங்கள். பணிவிடை என்னும் தொழிலின் முதற்பாடம் அந்தக் காத்திருத்தலே.