உங்களுக்குத் தெரியுமா? பழைய டிராக்டர் சேதிகள்

● நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் நெல்தான். ஆகவே இங்குள்ள டிராக்டர் ஆண்டுக்கு இரண்டு தடவை தொளிச் சேற்றில் இறங்கியாக வேண்டும். மானாவாரிச் சீமையில் டிராக்டரைத் தின்பது புழுதி; இங்கே தண்ணீர். பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

● இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் ஐஷர். 1959 ஏப்ரல் 24 அன்று ஃபரிதாபாத் ஆலையிலிருந்து வெளியே வந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்க முனைந்தது. 2005-இல் ஐஷரின் டிராக்டர் தொழிலையும் டாஃபேயே வாங்கிக்கொண்டது.

● லாரிக்கு இருக்கும் சேஸிஸ் பழைய டிராக்டர்கள் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்அச்சு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். வண்டியின் உடம்பே அதுதான். 1917-இல் போர்ட்சன் டிராக்டர் பரவலாக்கிய அமைப்பு இது. ஒரு கிளட்ச் பிளேட் மாற்றவும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பது இதனால்தான். பிரித்த கையோடு கிளட்ச் பேரிங், கிராங்க் பின்புற ஆயில் சீல் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.

● கலப்பையை மூன்று புள்ளிகளில் பிடித்து ஹைட்ராலிக்கால் தூக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அவருடைய டிஇ20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1958 ஜனவரி 4 அன்று எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தைத் தொட்டதும் பெர்குசன் டிராக்டர் ஓட்டித்தான்.

● பெர்குசன் வழிவந்த டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். கலப்பை மெல்லத் தூக்குகிறதா? பம்பைக் கழற்றும் முன் அந்த ஆயிலைப் பாருங்கள். வெளுத்துப் பால் நிறமாக இருந்தால் எங்கோ ஒரு சீல் வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலையும் மாற்ற வேண்டும்.

● பல டிராக்டர்களில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சிறு துளை இருக்கும். கசியும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் படாமல் வெளியேற அது வேண்டும். தொளியில் இறங்கும்போது மட்டும் அதை அடைத்து, வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். அடைக்க மறந்தால் சேறு ஏறும். திறக்க மறந்தால் ஆயில் தேங்கும். இரண்டிலும் நஷ்டம் கிளட்சுக்கே.

● காய்ந்த நிலத்தில் சக்கரம் வழுக்காமலிருக்கப் பின் டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவார்கள். குளிர் நாடுகளில் அது உறையாதிருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் கேஜ் வீல் மாட்டித் தொளி கலக்கும் முன் தண்ணீரை இறக்கிவிடுங்கள். பாரம் கூடினால் வண்டி சேற்றில் புதையும்.

● கிரீஸ் அடிப்பது வழவழப்புக்கு மட்டுமல்ல. பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்தால், உள்ளே புகுந்த சேறும் தண்ணீரும் அதோடு வந்துவிடும். தொளி உழவு நாட்களில் அன்றாடம் அடிப்பதே நல்லது.

● பழைய டிராக்டர்களின் ஏர் கிளீனரில் ஒரு கிண்ணம் ஆயில் இருக்கும். தூசு அதில் படிந்துவிடும். களத்தில் சூடடிக்கும் காலத்தில் அது சீக்கிரமே சகதியாகும். குறிக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள், இன்ஜின் அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

● டீசல் தீர்ந்து வண்டி நின்றால், டேங்கை நிரப்பினாலும் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. காரணம், லைனில் ஏர் பிடித்திருக்கும். பில்டரின் மேல் ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்குருவை முடுக்குங்கள்.

● புகையே நோயைச் சொல்லும். கறுப்பென்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலமென்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், ஸ்லீவ் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்தால், எரியாத டீசல் அல்லது ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர்.

● 50 வயது தாண்டிய கார், இருசக்கர வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. அந்த விதியில் டிராக்டர் இல்லை. எத்தனை பழையதானாலும் மற்ற வண்டிகளைப்போல் பதிவைப் புதுப்பித்தே ஓட்ட வேண்டும்.

● டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல்கள். வயலில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிக்கலாம். ரோட்டில் அப்படி மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழக்கூடும். வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறும் முன், இரண்டு பெடலையும் இணைக்கும் கொக்கியைக் கட்டாயம் மாட்டிவிடுங்கள்.