முகப்புப் பலகையும் அதன் பின்புறமும்

மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே கருவிகள் பொருந்திய பகுதியை ஆங்கிலத்தில் 'டாஷ்போர்டு' என்பர். இச்சொல் மோட்டாருக்கு முற்பட்டது. குதிரைக் குளம்பு வாரியிறைக்கும் சேறு வண்டியோட்டியின்மேல் தெறிக்காதவாறு முன்னே நிறுத்திய பலகைக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. குதிரை போயிற்று; பெயர் நின்றது. தமிழில் 'முகப்புப் பலகை' என்றால் போதும். 'சேற்றுத் தடுப்பு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் புகுவார் நகைப்புக்கே இடமாவர்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில், தந்தையார் ஓட்டிய மோரிஸ் மைனரை இன்னும் போற்றி வைத்திருப்போர் சிலர் உளர். அலெக் இசிகோனிஸ் வகுத்து 1948-இல் வெளிவந்த இவ்வண்டியே பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார். பிற்கால வண்டிகளில் வேகமானி பலகையின் நடுவில் இருக்கும். அதில் பழுது கண்டவுடன் பலகையைப் பிடுங்கத் தொடங்குவதுதான் பெருந்தீங்கு.

வேகமானியின் முள் நடுங்கினால் குற்றம் பெரும்பாலும் முள்ளில் இல்லை. கியர்ப் பெட்டியிலிருந்து ஒரு குழாயினுள் சுழன்றுவரும் கம்பிவடம் கருவியினுள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதனைத் தொடாமல் அருகே அலுமினியக் கிண்ணம் ஒன்று உளது. காந்தம் சுழல, கிண்ணத்தில் சுழல்மின்னோட்டம் தோன்றி அதனையும் உடன் இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று இழுப்பைத் தடுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வடம் எண்ணெய்ப்பசையின்றி உலர்ந்தோ, எங்கேனும் மடிந்தோ இருந்தால் விட்டுவிட்டுத் துள்ளும், முள்ளும் துள்ளும். காந்தமும் அலுமினியத் தட்டும் நூலும் கிடைத்தால் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

கழற்றியே ஆகவேண்டுமெனின், முதலில் பேட்டரியின் இணைப்பை நீக்குக. வண்டியின் உடலோடு பூட்டிய முனையையே முன்னர்க் கழற்ற வேண்டும். மற்றதை முதலில் தொட்டால், திருகுசாவி உடலில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும். இன்றைய வண்டிகளில் உடலோடு பூட்டியது எதிர்முனை. மோரிஸ் மைனரிலோ நேர்முனை. பழக்கத்தால் கைவைப்பவர் இங்கேதான் ஏமாறுவர். இவ்வண்டியில் ஃபியூசுகள் இரண்டே. பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு வயருக்கு அந்தக் காவலும் இல்லை. அது உரசினால் வயர்க்கட்டு முழுதும் எரியும்.

லூக்காஸ் நிறுவன முறைப்படி வயர்களுக்கு நிறக்குறி உண்டு: பழுப்பு பேட்டரிக்கு, வெள்ளை சாவிக்கு, பச்சை ஃபியூஸ் தாண்டிய துணைக்கருவிகளுக்கு, நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு சிறுவிளக்குக்கு, கறுப்பு உடலுக்கு. ஆனால் நம் நாட்டு வெப்பத்தில் பழைய துணியுறை வயர்கள் எல்லாம் ஒரே மண்ணிறமாகிவிடும். கைப்பேசியில் படம் எடுத்தோமே என்பார் உண்டு. அப்படத்திலும் மண்ணிறமே தெரியும். ஆகவே ஒவ்வொரு வயருக்கும் எண் எழுதிய சீட்டுக் கட்டி, அதே எண்ணை ஒரு படத்தில் குறித்த பின்னரே பிரிக்க வேண்டும்.

மெக்கானிக்கை நம் தோட்டத்தார் 'பொமன்' என்பது 'ஃபோர்மன்' மலாய் வழியே வந்த வழக்கு. கைதேர்ந்த பொமன் எதையும் இழுக்கமாட்டார். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில், சுவிட்சின் குமிழை அதன் காம்பில் உள்ள சிற்றூசி ஒன்று பற்றியிருக்கும். ஆணி நுனியால் அதனை அழுத்தினால் குமிழ் தானே கையில் வரும். இழுத்தால் குமிழ் உடையும். பொருட்பெட்டியின் அட்டை உள்ளுறை ஈரத்தில் ஊறி நொறுங்கும் நிலையில் இருக்கும், வளைக்கலாகாது. கழற்றிய திருகை அதன் துளையிலேயே இரண்டு சுற்று மாட்டி வைப்பது நன்று. அவற்றின் மரை அங்குலக் கணக்கு. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர்த் திருகை முறுக்கி ஏற்றினால் துளை கெடும்.

வேகமானியை முன்னே சற்று இழுத்ததும், பின்புறத்து வடத்தின் வளைய நட்டைக் கையாலேயே தளர்த்தலாம். கருவி வடத்தில் தொங்கலாகாது. திரும்பப் பூட்டும்போது வடத்தை அகன்ற வளைவாகச் செலுத்துக. திருகுகளை இறுக்குமுன் பேட்டரியை இணைத்து ஒவ்வொரு விளக்கையும் எரித்துப் பார்த்துவிட்டுப் பலகையை மூடலாம்.