காய்ச்சல் வந்தால் பயணத்தைச் சொல்லுங்கள்



காய்ச்சல் என்றதும் இன்று நமக்கு ஞாபகம் வருவது டெங்குதான். மலேரியாவைப் பற்றிப் பேசினால், "அதுதான் நாட்டை விட்டே போயிருச்சே, இன்னும் என்ன பேச்சு?" என்று கேட்கிறார்கள். போனது உண்மைதான். ஆனால் பேச்சை விட்டுவிட்டால் அது திரும்பி வரும். நம் நாட்டிலேயே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது.

முன்பு நடந்தது

1934-35ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. மலேரியா நுளம்பு அப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். சில மாதங்களில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். கேகாலைப் பக்கம் பாதிப்பு மிக அதிகம்.

பிறகு வீடுகளுக்கு டீ.டீ.டீ. மருந்து அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்தது. "இனிப் பயமில்லை" என்று மருந்தடிப்பும் கவனிப்பும் தளர்ந்தன. 1969ஆம் ஆண்டில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது!

மீண்டும் பல வருடங்கள் பாடுபட்டதன் பின், 2012 ஒக்டோபரோடு உள்நாட்டில் தொற்றுவது நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என அறிவித்தது.

இப்போது என்ன பயம்?

நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. 2016இன் கடைசியில் மன்னாரில் புதிய வகை மலேரியா நுளம்பொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கூட வளரும்.

கிருமி வருவது மனிதரின் இரத்தத்தில். இந்தியாவுக்குக் கோயில் பயணமோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போனவர், ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போனவர், அங்கிருந்து அதைக் கொண்டுவரலாம். அவரைக் கடித்த நுளம்பு சில நாட்கள் கழித்து இன்னொருவரைக் கடித்தால் அவருக்கும் நோய். குளிரான உயரத்துத் தோட்டங்களில் இது பரவுவது அரிது. கீழ்நாட்டுத் தோட்டங்களில் அப்படிச் சொல்ல முடியாது. எந்தத் தோட்டமானாலும் நோய் கண்டவரின் உயிருக்கு ஆபத்து ஒன்றுதான். ஒருவகை மலேரியா சில நாட்களிலேயே மூளையைத் தாக்கிக் கொன்றுவிடும்.

ஒரு வார்த்தை போதும்

இன்று நம் ஊர் டாக்டர்மார் மலேரியா நோயாளியைக் காண்பது மிகக் குறைவு. காய்ச்சல், தலையிடி, உடம்பு நடுக்கம் என்றால் முதலில் டெங்கு என்றே நினைப்பார்கள். "டாக்டரையா, நான் போன மாசம் இந்தியாவுக்குப் போய் வந்தேன்" என்ற ஒரு வார்த்தைதான் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்க வைக்கும். சிலவகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் காய்ச்சலைத் தரும். ஆகவே போய்வந்து மாதங்கள் ஆனாலும் சொல்லுங்கள்.

யார், எங்கே சொல்வது?

துண்டுப் பிரசுரம் ஒட்டினால் மட்டும் போதாது. அதை எல்லோரும் வாசிப்பதில்லை. தெரிந்தவர் வாயால் சொன்னால்தான் மனதில் நிற்கும். பெரட்டுக்களத்தில் இரண்டு நிமிடம் பேசலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லலாம். பயணக் கூட்டம் புறப்படும் முன் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். பிள்ளைக்காம்பராவில் தாய்மாருக்குச் சொன்னால் வீடு முழுக்கச் சேரும்.

சொல்லும் விதமும் முக்கியம். "நோயைக் கொண்டு வந்துட்டான்" என்று ஏசினால் அடுத்தவர் பயணத்தையே மறைப்பார். மலேரியா தொட்டாலோ ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலோ தொற்றாது. "ஒரு நாள் பேர் போயிடும்" என்று காய்ச்சலோடு மலைக்கு ஏறுபவரையும் ஏசாமல் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள். அவர் உயிர் ஒரு நாள் பேரை விடப் பெரிது.

ஞாபகத்தில் வைத்திருங்கள்

1. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தின் அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை கேளுங்கள். இலவசமாகத் தருவார்கள். சொன்னபடி, திரும்பி வந்த பிறகும் குடித்து முடியுங்கள்.

2. இந்த நுளம்பு கடிப்பது இரவில். போன இடத்தில் நுளம்பு வலைக்குள் படுங்கள்.

3. திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் பெனடோலோடு நின்றுவிடாமல் அன்றைக்கே இரத்தம் பாருங்கள்.

4. மலேரியா என்று தெரிந்தால், காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள். ஈரலில் ஒளிந்த கிருமிக்கு 14 நாள் மருந்து கொடுப்பது வழக்கம்.

1963க்குப் பிறகு நாடு அசந்ததால் இலட்சக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள். அந்தத் தவறு மறுபடி நடக்க வேண்டாம். உங்கள் லயத்தில் பயணம் போய்வந்தவர் யாரும் இருந்தால், இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.